ஆற்றில் போட்டாலும் அளந்து போடு

நம் சங்கத்துக் குடும்பங்களில் கிதார் வாசிக்கும் பிள்ளைகள் பெருகிவிட்டார்கள். அதில் எனக்கு மகிழ்ச்சியே. சிலர் கிதார் ஓசையைக் கரகரப்பாக்கும் ‘ஃபஸ்’ பெடலை, அதாவது காலால் மிதித்து இயக்கும் சிறு பெட்டியை, வீட்டிலேயே செய்கிறார்கள். அதற்குப் பாகங்கள் வாங்கும் இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். இரயில்வே சிக்னல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் நான் ஒன்று சொல்ல வேண்டும்.

திருப்பதியில் பொறியியல் படிக்கும் என் தங்கை மகன், சென்ற கோடையில் சித்தூரில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான். லண்டனில் 1966-ல் ஆர்பிட்டர் நிறுவனம் வெளியிட்ட ‘ஃபஸ் ஃபேஸ்’ பெடலைப் போல ஒன்று செய்துகொண்டிருந்தான். உள்ளே பெரிய வித்தை ஒன்றுமில்லை. இரண்டு டிரான்சிஸ்டர், நாலு ரெசிஸ்டர், மூன்று கண்டென்சர், 9 வோல்ட் பேட்டரி, இரண்டு திருகு.

“நாலு டிரான்சிஸ்டர் 2400 ரூபாய் மாமா. அசல் பழைய என்கேடி 275” என்றான். என் தங்கை எதுவும் பேசாமல் உள்ளே போய்விட்டாள்.

மீட்டரை எடுத்தேன். ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் என்றால் பேஸுக்கும் எமிட்டருக்கும் நடுவே டயோடு சோதனையில் 0.2, 0.3 வோல்ட் காட்ட வேண்டும். ஒன்றில் 0.6 வந்தது. அது சிலிக்கான்! பழைய எழுத்தை அழித்துப் புது எழுத்து அச்சடித்திருக்கிறார் எவரோ ஒரு புண்ணியவான். மற்ற இரண்டில் கசிவு அதிகம். தேறியது ஒன்றே ஒன்று.

இந்தக் கசிவுதான் முக்கியம். பேஸைத் தொடாமல் விட்டாலும் ஜெர்மானியத்தில் கொஞ்சம் மின்சாரம் ஓடும். சாதாரண மீட்டர் அதையும் சேர்த்துப் பெருக்கமாகக் காட்டிவிடும். வெப்பம் 10 டிகிரி கூடினால் கசிவு ஏறக்குறைய இரட்டிப்பாகும். இரண்டாவது டிரான்சிஸ்டரின் கலெக்டரில் 4.5 வோல்ட் நிற்க வேண்டும். நம் ஊர் மே மாத மத்தியானத்தில் அது நிற்குமா? லண்டன் குளிரில் பிறந்த சர்க்யூட் அல்லவா!

டிப்ளமோ படித்த நாளிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னில் பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் செய்த ஏசி 128 சில வைத்திருந்தேன். பதினொன்றை அளந்ததில் நல்ல ஜோடி ஒன்று கிடைத்தது. அதுவும் ஜெர்மானியம்தான். யாரும் அதற்குப் புகழ் பாடுவதில்லை, அவ்வளவே.

ரெசிஸ்டர் சங்கதியும் கேளுங்கள். ஒரு ரூபாய் கார்பன் ஃபிலிமையும் நாற்பது ரூபாய் ‘ஆடியோ’ சரக்கையும், அளவு ஒன்றாக இருக்கும்படி பார்த்து, மாற்றி மாற்றி வைத்தேன். முதுகைத் திருப்பி வாசித்தவனால் எது எதுவென்று சொல்ல முடியவில்லை. காசு போட வேண்டிய இடம் கால் சுவிட்சும் ஜாக்கும். மட்டமான சுவிட்ச் ஈயம் வைக்கும் சூட்டிலேயே உள்ளே இளகிவிடும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. “இதெல்லாம் தண்டச் செலவு” என்று பிள்ளையை அதட்டாதீர்கள். முதலில் ஒரு நல்ல மல்டிமீட்டர் வாங்கிக் கொடுங்கள். சிக்னல் ரிலேயை நாங்கள் கம்பெனிப் பெயரை மட்டும் நம்பி மாட்டியதில்லை, சோதித்துத்தான் மாட்டினோம்.

மருமகன் இப்போது இரண்டு பெடல் வைத்திருக்கிறான். ஏசி 128 போட்டது ராத்திரிக்கு. வெயில் நேரத்துக் கல்லூரி விழாவுக்கு சிலிக்கான் பிசி 108 போட்டதை எடுத்துப் போகிறான்.