துப்பாக்கிக்குப் பூட்டு எது? தண்டனையா, பதிவேடா?



நாட்டில் எங்கேனும் ஒரு கொள்ளையோ துப்பாக்கிச் சூடோ நிகழ்ந்துவிட்டால், மறுநாள் காலை உணவுக்கடைகளில் இருவகைப் பேச்சு எழுவதைக் காண்கிறேன். "ஆளுக்கொரு துப்பாக்கி கொடுத்துவிட்டால் எவன் வாலாட்டுவான்?" என்பார் ஒரு சாரார். "துப்பாக்கியோடு பிடிபட்டவனை எல்லாம் தூக்கில் போட வேண்டும்" என்பார் மறுசாரார். இரண்டுமே தவறு என்பது என் கருத்து. துப்பாக்கி பெறுவது கடினமாகத்தான் இருக்க வேண்டும். ஆனால், அந்தக் கடுமை தூக்குக் கயிற்றில் இருப்பதைவிடப் பதிவேட்டிலும் சரிபார்ப்பிலும் இருப்பதே மக்களைக் காக்கும்.

இதனைக் கமுந்திங்கில் இருந்து எழுதுவதில் ஒரு பொருத்தமும் உண்டு. ஈயச் சுரங்கங்களுக்காக 1861 முதல் 1874 வரை நிகழ்ந்த லாருட் போர்கள் நம் மண்ணைக் குருதியில் நனைத்தவை. அப்போது கமுந்திங்கின் பெயர் கிலியான் பாரு, அதாவது புதிய சுரங்கம். 1874 சனவரியில் பங்கோரில் கூடிய சீனத் தலைவர்கள், ஆயுதங்களைக் களைவதாகவும் அரண்களை இடிப்பதாகவும் கையொப்பமிட்ட பிறகே இங்கே அமைதி திரும்பியது. பக்கத்து ஊருக்குத் தைப்பிங், அதாவது 'பேரமைதி' என்று பெயர் வாய்த்ததும் அதன் பின்னரே.

நம் நாட்டில் வாங்க இயலுமா?

என் வகுப்பு மாணவர்களுள் சிலர் கைப்பேசி விளையாட்டின் தயவால் எம்-16, ஏகே-47 என்று துப்பாக்கி வகைகளை வாய்ப்பாடு போல ஒப்புவிக்கின்றனர். "ஐயா, காசு இருந்தால் உண்மையிலேயே வாங்கலாமா?" என்று கேட்பாரும் உளர். அவர்களுக்கு நான் சொல்லும் விடை இதுதான்.

மலேசியாவில் துப்பாக்கி வைத்திருப்பது எவருடைய பிறப்புரிமையும் அன்று. 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி அதற்கு உரிமம் வேண்டும். அதனை வழங்கும் அதிகாரம் மாநிலக் காவல்துறைத் தலைவருக்கு உரியது. விண்ணப்பித்தவர் யார், எதற்காகக் கேட்கிறார், முன்பு குற்றம் புரிந்தவரா என்றெல்லாம் ஆராய்வார்கள். காட்டுப்பன்றி புகும் செம்பனைத் தோட்டம் வைத்திருப்பவர் கேட்பது பெரும்பாலும் ஒரு சாதாரண வேட்டைத் துப்பாக்கி. அதற்கே இத்தனை கேள்விகள். உரிமம் கிடைத்த பிறகும் அதனைக் காலந்தோறும் புதுப்பிக்க வேண்டும். உரிமமின்றி வைத்திருந்தால் ஆயுதச் சட்டப்படி ஏழாண்டு வரை சிறை. 1971ஆம் ஆண்டுக் கூடுதல் தண்டனைச் சட்டத்தின் கீழ் வழக்குப் பதிவானால் பதினான்கு ஆண்டு வரை சிறையும் பிரம்படியும் உண்டு. பொம்மைத் துப்பாக்கியை உண்மை போலக் காட்டித் திரிவதற்கும் தண்டனை இருக்கிறது.

விசையை ஒருமுறை அழுத்தினால் மழையெனக் குண்டுகளைப் பொழியும் தானியங்கித் துப்பாக்கியோ அரசுப் படைகளுக்கு உரியது. பொதுமக்கள் அதனை வாங்குவதற்கு நடைமுறையில் வழியே இல்லை. நம் பிள்ளைகள் பார்க்கும் தமிழ்ப் படங்களில் கதைநாயகர்கள் அதனை விளையாட்டுப் பொருளாகச் சுழற்றினாலும், இந்தியாவிலும் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி அது தடைசெய்யப்பட்ட ஆயுதமே. நடுவண் அரசின் சிறப்பு இசைவு இன்றி எவரும் அதனை வைத்திருக்க இயலாது.

தூக்குக் கயிறு எதைச் சாதித்தது?

"தண்டனையைக் கூட்டினால் போதும்" என்போர் 1948ஆம் ஆண்டை நினைத்துப் பார்க்க வேண்டும். அவ்வாண்டு சூன் 16ஆம் நாள் நம் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் தோட்ட நிருவாகிகள் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. இசைவின்றித் துப்பாக்கி வைத்திருப்பவருக்கு மரண தண்டனை என்று ஆங்கிலேய அரசு விதி வகுத்தது.

அந்த விதிக்கு இரையானவர்தான் நம் தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ. கணபதி. தஞ்சை மண்ணில் பிறந்து, மலாயாவில் தோட்டப் பாட்டாளிகளுக்காகக் குரல் கொடுத்து, அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக உயர்ந்தவர். 1949 மார்ச்சுத் திங்களில் ஒரு கைத்துப்பாக்கியோடும் சில தோட்டாக்களோடும் பிடிபட்டார். கண்டெடுத்த துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சென்றதாக அவர் வாதிட்டார் என்பர். அவர் எவரையும் சுட்டதாக வழக்கு இல்லை. வைத்திருந்தார் என்பதே குற்றம். சுதந்திர இந்தியாவின் அரசு எடுத்த முயற்சியும் பலிக்கவில்லை. அவ்வாண்டு மே 4ஆம் நாள் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார்.

அவருடைய அரசியலை ஏற்போரும் மறுப்போரும் இருக்கலாம். நான் கேட்பது வேறு. அந்தத் தூக்குக்குப் பின் துப்பாக்கிகள் ஓய்ந்தனவா? இல்லை. அவசரகாலம் 1960 வரை நீடித்தது. கட்டாய மரண தண்டனை என்னும் போது, வைத்திருந்தவன் கொலைகாரனா, வழியில் கண்டெடுத்தவனா, அறியாச் சிறுவனா என்று எடைபோடும் உரிமையை நீதிபதி இழந்துவிடுகிறார். பின்னர் வந்த உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டமும் அதே கடுமையைத் தொடர்ந்தது. 1977இல் பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனுக்கே துப்பாக்கி வைத்திருந்ததற்காக மரண தண்டனை விதிக்கப்பட்டது. பின்னர் மன்னிப்பு வாரியமே அவன் உயிரைக் காத்தது.

சட்டப்படி வாங்காத துப்பாக்கிகள்

அத்தனை கடுமையான சட்டம் நடப்பில் இருந்த போதுதான், 2000ஆம் ஆண்டு சூலை 2ஆம் நாள் அதிகாலையில், நம் மாநிலத்துக் கிரிக் வட்டாரத்தில் அந்தப் பெருங்கொள்ளை நிகழ்ந்தது. அல்-மாவுனா குழுவினர் இராணுவச் சீருடை அணிந்து, இராணுவ வண்டி போலத் தோன்றிய வாகனங்களில் வந்து, திடீர்ச் சோதனை என்று சொல்லித் தன்னார்வப் படையின் இரண்டு முகாம்களுக்குள் நுழைந்தனர். எம்-16 துப்பாக்கிகள் மட்டுமே ஏறத்தாழ நூறு. அவற்றோடு இயந்திரத் துப்பாக்கிகளையும் தோட்டாக்களையும் வாரிக்கொண்டு கோலகங்சாரை அடுத்த சவுக் காட்டுக்குள் புகுந்தனர்.

ஒரு விவசாயி வேட்டைத் துப்பாக்கிக்குப் படிவம் நிரப்பி, விசாரணைக்கு உட்பட்டு, விடைக்காகக் காத்திருக்கும் இதே நாட்டில், தானியங்கித் துப்பாக்கிகளை வண்டி வண்டியாகப் பெறுவதற்கு ஒரு சீருடையும் ஓர் அதட்டலும் போதுமாக இருந்தன! வந்தவர் அதிகாரிதானா என்று தலைமையகத்தை உடனே கேட்டு உறுதிசெய்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

அதற்குரிய விலையைக் கொடுத்தவர்கள் பிணை பிடிக்கப்பட்டுக் கொல்லப்பட்ட இருவர். ஒருவர் காவல்துறையைச் சார்ந்த தமிழர் ஆர். சகாதேவன். மற்றவர் சரவாக்கைச் சார்ந்த படைவீரர் மேத்தியூ மேடான். குழுவின் தலைவன் 2006இல் தூக்கிலிடப்பட்டான். குழுவைச் சார்ந்த வேறு சிலர் விசாரணையின்றி அடைக்கப்பட்டது நம் கமுந்திங் முகாமில்தான். தண்டனை வந்தது. சகாதேவன் திரும்பவில்லை.

2024 மே 17ஆம் நாள் ஜொகூர், உலு திராம் காவல் நிலையத் தாக்குதலிலும் இதே பாடம் உண்டு. வெட்டுக்கத்தியோடு வந்தவன் காவலர் ஒருவரைக் கொன்று, அவருடைய துப்பாக்கியைப் பறித்து இன்னொருவரையும் சுட்டுக் கொன்றான்.

அமெரிக்கா கற்பிக்கும் இரு பாடங்கள்

"அமெரிக்காவில் மட்டும் விற்கிறார்களே?" என்று கேட்பீர்கள். ஆம், அங்கே தனிமனிதர் தானியங்கித் துப்பாக்கியைச் சட்டப்படி வாங்க இயலும். ஆனால் எப்படி? 1934ஆம் ஆண்டுச் சட்டப்படி அத்தகைய ஒவ்வொரு துப்பாக்கியும் நடுவண் அரசின் பதிவேட்டில் இருக்க வேண்டும். வாங்குபவர் கைரேகையும் நிழற்படமும் தந்து, 200 டாலர் வரி கட்டி, ஒப்புதல் வரும்வரை துப்பாக்கியைத் தொடாமல் காத்திருக்க வேண்டும். 1986 மே 19ஆம் நாளுடன் பொதுமக்களுக்கான புதிய பதிவுகளும் மூடப்பட்டன. அதற்கு முன் பதிவான ஏறத்தாழ 1,75,000 துப்பாக்கிகளே இன்று கைமாறுகின்றன. அதனால் ஒன்றின் விலை பல்லாயிரம் டாலர். பல மாநிலங்கள் அதையும் அனுமதிப்பதில்லை.

விளைவு என்ன? அவ்வாறு பதிவான துப்பாக்கிகள் குற்றங்களில் பயன்படுவது மிக மிக அரிது. இது முதற்பாடம்.

அதே 1986ஆம் ஆண்டுச் சட்டம், சாதாரணத் துப்பாக்கிகளுக்கு நடுவண் அரசு பொதுப் பதிவேடு உருவாக்கக் கூடாது என்றும் தடுத்தது. அந்நாட்டில் 2021ஆம் ஆண்டில் மட்டும் துப்பாக்கியால் 48,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் தற்கொலை புரிந்தவர்கள். பதிவேடு இல்லாமை ஒன்றே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் "ஆளுக்கொரு துப்பாக்கி" என்று பேசுவோர் அந்தத் தற்கொலைகளை எண்ணிப் பார்க்கட்டும். வீட்டில் இருக்கும் துப்பாக்கி திருடனுக்காகக் காத்திருப்பதில்லை. மனமுடைந்த மகனின் கைக்கும் அது எட்டும்.

இனி என்ன செய்யலாம்?

2023இல் நம் நாடாளுமன்றம் கட்டாய மரண தண்டனையை நீக்கியது. குற்றத்தின்போது துப்பாக்கியால் சுட்டவருக்கும் இப்போது மரணத்திற்குப் பதிலாக 30 முதல் 40 ஆண்டு வரை சிறை விதிக்க நீதிபதியால் முடியும். எடைபோடும் தராசு நீதிபதியின் கைக்குத் திரும்பியிருக்கிறது. அதனை மீண்டும் பிடுங்க வேண்டா.

மாறாக, மூன்றைக் கேட்போம். ஒன்று, பொதுமக்களுக்கான உரிமக் கட்டுப்பாடு தளரக்கூடாது. ஆனால் நேர்மையாக விண்ணப்பிக்கும் விவசாயிக்குக் காரணத்தோடு கூடிய விடை காலத்தோடு கிடைக்க வேண்டும். இரண்டு, விவசாயியின் ஒற்றைத் துப்பாக்கியிடம் காட்டும் அதே கறார்த்தனத்தை அரசின் ஆயுதக் கிடங்குகளிடமும் காட்ட வேண்டும். எத்தகைய சீருடை வந்து நின்றாலும் சரிபார்க்காமல் பூட்டுத் திறக்கக்கூடாது. மூன்று, பிள்ளைகளின் விளையாட்டைக் கண்டு பதறுவதோடு நில்லாமல், உண்மைத் துப்பாக்கி ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு பெயரும் ஒரு பொறுப்பும் இருக்க வேண்டும் என்பதைப் பெற்றோரும் ஆசிரியரும் அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டும்.

தூக்குமேடை உயிர் போன பிறகு வேலை செய்வது. பதிவேடோ உயிர் போகுமுன் வேலை செய்வது. நம் வரிப்பணமும் நம் அக்கறையும் எதற்குச் செல்ல வேண்டும் என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.