இறங்க மறுக்கும் படமும் இணைய மறுக்கும் ஒலியும்

பிறந்த ஊரை விட்டுத் தொழில் நிமித்தமாகவும் கல்வி நிமித்தமாகவும் ஐதராபாத்திலும் செகந்திராபாத்திலும் குடியேறி வாழும் நமக்கு, ஊரிலுள்ள உற்றார் உறவினரோடு கொண்ட தொடர்பு பெருஞ் செல்வமாகும். முன்னாளில் அத்தொடர்பைக் கடிதம் காத்தது. இந்நாளில் அப்பணியை வீடியோ ஏற்றிருக்கிறது. மாரேட்பள்ளியில் நிகழும் வளைகாப்பைக் கும்பகோணத்துப் பாட்டியார் கைப்பேசியிலேயே கண்டு ஆசி கூறுகிறார். 2020-ஆம் ஆண்டின் ஊரடங்குக் காலத்தில் எத்தனையோ திருமணங்களை உறவினர் நேரலையிலேயே கண்டு மகிழ்ந்தனர்.

அந்த வீடியோக்கள் என்றும் அங்கேயே இருக்கும் என்று நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். அஃது உண்மையன்று. 2025 பிப்ரவரி 19 முதற்கொண்டு பேஸ்புக்கில் ஒளிபரப்பாகும் நேரலைகள் 30 நாட்களே வைக்கப்படும் என்றும், அதன்பின் நீக்கப்படும் என்றும் அந்நிறுவனம் அறிவித்தது. பழைய நேரலைகளும், உரியவர்க்கு அறிவிப்பு அளித்து 90 நாட்கள் தவணை தந்தபின் நீக்கப்படும் என்பது அதனோடு வந்த செய்தி. ஆகவே, வேண்டுவனவற்றை நம் இல்லத்துக் கணினியில் இறக்கி வைத்துக் கொள்வது இன்றியமையாத கடமையாகிறது.

இதற்கு நமது நகரமே ஒரு பாடம் கற்பித்திருக்கிறது. இந்திய மின்னூலகம் என்ற பெருமுயற்சியில் இலட்சக்கணக்கான பழைய நூல்கள் படமெடுக்கப்பட்டன. அப்பணியின் முக்கிய நிலையங்களுள் ஒன்று ஐதராபாத்திலுள்ள பன்னாட்டுத் தகவல் தொழில்நுட்பக் கழகம். அத்தளத்தில் ஒரு நூல் ஒரே கோப்பாகக் கிடைக்காது. பக்கத்திற்கு ஒரு படமாகவே இருக்கும். படிப்போர் ஒவ்வொரு பக்கமாக இறக்கி, ஒன்றாகத் தைத்து, பி.டி.எப். வடிவிற்கு மாற்றிக் கொண்டனர். இடையில் ஒரு பக்கம் வராது போனால் நூல் குறைபட்டது. பின்னர் பதிப்புரிமைச் சிக்கல்களால் அத்தளம் மூடப்பட்டது. ஆயினும், அந்நூல்களுள் ஐந்து இலட்சத்திற்கும் மேற்பட்டவை 2017-ஆம் ஆண்டளவில் இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் ஏற்றப்பட்டமையால் இன்றும் படிக்கக் கிடைக்கின்றன. மூலம் மறைந்தாலும் படி பிழைத்தது.

வீடியோவின் நிலையும் இதுவே. திரையில் ஒன்றாய்த் தோன்றும் படம், பெரும்பாலும் சில விநாடி அளவுள்ள சிறு துண்டுகளாகவே நம்மை வந்தடைகிறது. ஆப்பிள் நிறுவனம் 2009-இல் வெளியிட்ட எச்.எல்.எஸ். முறை இவ்வகையினது. உயர்ந்த தெளிவுள்ள படங்களில் காட்சி தனியாகவும் ஒலி தனியாகவும் வருவதும் உண்டு. இவற்றைக் கண்டெடுத்தல், இறக்குதல், இணைத்து மாற்றுதல் என்னும் மூன்று வேலைகளையும் செய்யவே பிரவுசரில் எக்ஸ்டென்ஷன் என்னும் துணைக்கருவியைச் சேர்க்கிறோம். பிழை தோன்றுங்கால், இம்மூன்றில் எது தடைப்பட்டது என்று முதலில் அறிய வேண்டும். அஃதறிந்தால் பரிகாரம் பாதி கிட்டியதாகும்.

முதலாவது, கருவி வீடியோவையே கண்டுகொள்ளாத நிலை. படத்தைச் சிறிது நேரம் ஓடவிட்ட பிறகே பல கருவிகள் அதனை உணரும். ஓடவிட்டும் காணவில்லையெனில் பக்கத்தைப் புதுப்பித்துப் பார்க்கவும். கட்டணத் திரைப்படத் தளங்களில் வரும் படங்கள் பூட்டிடப்பட்டவை. அவை இறங்காமை பிழையன்று. மேலும், குரோம் பிரவுசருக்குரிய கடையின் விதிப்படி, அங்குக் கிடைக்கும் எக்ஸ்டென்ஷன்கள் யூடியூப் வீடியோவை இறக்கலாகாது. அதற்காகக் கருவியைக் குறை கூறிப் பயனில்லை.

இரண்டாவது, பாதியில் நின்றுவிடும் நிலை. துண்டுகளின் முகவரிகள் பல தளங்களில் குறித்த காலமே செல்லும். காலையில் திறந்த பக்கத்தில் மாலையில் இறக்க முயன்றால் அனுமதி மறுக்கப்படலாம். பக்கத்தை மீண்டும் திறந்து, தேவையாயின் உள்நுழைந்து, உடனே தொடங்குக. வன்தட்டில் இடம் இருக்கிறதா என்றும் காண்க. துண்டுகளுக்கும் இணைத்த கோப்பிற்குமாக, படத்தின் அளவைப்போல் இரு மடங்கு இடம் வேண்டியிருக்கும்.

மூன்றாவது, காட்சி இருக்க ஒலி இல்லாத நிலை. இதுவே அன்பர்களை மிகவும் மயக்குவது. காட்சியும் ஒலியும் தனித்தனியே இறங்கி, இணைப்பு வேலை மட்டும் நடைபெறவில்லை என்பதே இதன் பொருள். 2017 நவம்பரில் வெளிவந்த பயர்பாக்ஸ் 57 முதல், எக்ஸ்டென்ஷன்கள் கணினியின் உட்பகுதியைத் தொடாதவாறு வரம்பு கட்டப்பட்டது. ஆகவே வீடியோ டவுன்லோடுஹெல்ப்பர் போன்ற கருவிகள், இணைப்பு வேலைக்கெனத் துணைச் செயலி ஒன்றைத் தனியே நிறுவச் சொல்கின்றன. அத்துணைச் செயலி இல்லாவிடினும் பழையதாயினும் பிழை வரும். அதனைக் கருவி செய்தோரின் சொந்தத் தளத்திலிருந்தே பெற்று நிறுவி, பிரவுசரை மூடித் திறக்கவும். உபுண்டு கணினிகளில் ஸ்னாப் முறையில் நிறுவிய பிரவுசர், துணைச் செயலியை அறியாதிருப்பதும் உண்டு. ஆங்கு வேறு முறையில் நிறுவிய பிரவுசரைப் பயன்படுத்துதல் நலம்.

நான்காவது, வடிவ மாற்றத்தில் வரும் பிழை. எம்.பி.4, வெப்எம் என்பன பெட்டிகளின் பெயர்கள். உள்ளே காட்சியையும் ஒலியையும் சுருக்கி வைத்திருக்கும் முறை வேறு. பெயரின் இறுதியை வெப்எம் என்பதிலிருந்து எம்.பி.4 என்று திருத்தினால், பாத்திரத்தின் மேல் ஒட்டிய சீட்டு மாறுமேயன்றி உள்ளிருக்கும் பண்டம் மாறாது. கணினியில் ஓடும் படம் பழைய டி.வி.யில் ஓடவில்லையெனில், எச்.264 காட்சி, ஏ.ஏ.சி. ஒலி ஆகிய முறைகளுக்கு மாற்றுக. 2000-ஆம் ஆண்டில் பாப்ரீஸ் பெல்லார் தொடங்கிய எப்.எப்.எம்பெக் என்னும் விலையில்லா மென்பொருளே, இத்தகைய கருவிகள் பலவற்றின் உள்ளே இவ்வேலையைச் செய்கிறது. பெட்டியை மட்டும் மாற்றுவது விரைவில் முடியும், தரமும் குறையாது. உள்ளடக்கத்தையே மாற்றுவது நெடுநேரம் கொள்ளும். தரமும் சற்றுக் குறையும். ஆகையால் முதலில் இறக்கிய கோப்பை அழித்துவிடற்க.

ஐந்தாவது, தமிழர்க்கே உரிய ஒரு தடை. "பெயர் மிக நீளம்" என்று கணினி மறுப்பதுண்டு. லினக்ஸ் முறையில் கோப்பின் பெயர் 255 பைட்டுகளுக்குள் அடங்க வேண்டும். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட்டு போதும். தமிழில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று வேண்டும். 'கொ' என்பதில் ககரம் ஒன்று, ஒகரக் குறி ஒன்று என இரு குறியீடுகள். அதற்கே ஆறு பைட்டுகள் செலவாகின்றன. எனவே 85 குறியீடுகளுக்கு மேற்பட்ட தலைப்பு அங்கு ஏறாது. விண்டோஸிலும் கேள்விக்குறி, முக்காற்புள்ளி முதலியவை பெயரில் இடம்பெறலாகா. நிகழ்ச்சியின் பெயரும் ஆண்டுமாகச் சுருக்கி எழுதினால் இத்தொல்லை நீங்கும்.

பென்டிரைவில் ஏற்றுங்கால் மற்றொன்றும் நினைவிற்கொள்க. பேட்32 முறையில் அமைத்த பென்டிரைவ் 4 ஜி.பி.க்கு மேற்பட்ட ஒரே கோப்பை ஏற்காது. அதனை எக்ஸ்பேட் முறைக்கு மாற்றலாம். மாற்றுமுன் அதிலுள்ளவற்றை வேறிடத்தில் படியெடுத்து வைத்தல் வேண்டும்.

இனி, எதனை இறக்கலாம் என்பதையும் கூறுதல் நம் கடன். நாமே ஏற்றிய வீடியோவாயின் எக்ஸ்டென்ஷனே வேண்டுவதில்லை. பேஸ்புக்கும் யூடியூப் ஸ்டுடியோவும் உரியவர் தம் படத்தை இறக்கிக்கொள்ள வழி வைத்துள்ளன. முதற்கண் அவ்வழியையே நாடுக. உறவினரோ சங்கத்தாரோ ஏற்றியதாயின் அவர்தம் இசைவு பெறுக. அவர்களே இறக்கித் தரின் இன்னும் நன்று. பிறர் உழைப்பில் விளைந்த திரைப்படத்தையும் பாடலையும் உரிமையின்றி எடுத்தல் தகாது. மின்னூலகம் பட்ட இடரும் உரிமையைப் பற்றியதே என்பதை மறவாதிருப்போமாக.

வீட்டிலுள்ள இளைஞர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கென ஒதுக்கித் தாத்தா பாட்டிமாருடன் அமரட்டும். எந்த வீடியோ வேண்டும் என்று பெரியவர்கள் கூறட்டும். இறக்கும் வேலையை இளையவர்கள் செய்யட்டும். இறக்கிய படத்தின் முதலையும் நடுவையும் முடிவையும் ஓடவிட்டு, ஒலி கேட்கிறதா என்று சோதித்து, இரு வேறு இடங்களில் படி வைத்துக் கொள்ளுங்கள். பெரியவர்களின் குரல் நம் பேரப்பிள்ளைகளுக்கும் கேட்க வேண்டுமாயின், 30 நாள் கெடு முடியுமுன் இவ்வேலையை முடித்தாக வேண்டும்.