கல்லைப் படிக்காமல் கல் வியாபாரமா?

எனது வாப்பா இரத்தினக்கல் வியாபாரம் செய்தவர். எங்கள் வீட்டு அலுமாரியில் துணிப்பை ஒன்று நீண்ட காலம் கிடந்தது. அதற்குள் பால் கலந்த தண்ணீர் போன்ற மங்கலான கற்கள். கெவுடா என்பார்கள். மோதிரத்திற்கு ஆகாது, பட்டை தீட்டினாலும் ஒளி வராது. வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவர் அந்தப் பையை நிறுத்து வாங்கிச் சென்ற அன்று, "குப்பைக்கும் காசு தருகிறார்களே" என்று வாப்பா சந்தோஷப்பட்டார். அந்தக் குப்பை நல்ல நீலமாக மாறி உலகச் சந்தைக்குப் போயிருக்கிறது என்பதை அவர் அறிந்தபோது வருடங்கள் பல கழிந்துவிட்டன.

இது எங்கள் வீட்டுக் கதை மாத்திரமல்ல. 1970களின் இறுதியிலும் 1980களிலும் தாய்லாந்து வியாபாரிகள் எமது நாட்டின் கெவுடாவைத் தேடித் தேடி வாங்கினார்கள். இரத்தினபுரியிலும் பேருவளையிலும் இந்தத் தொழிலில் இருந்த மூத்தவர்களைக் கேட்டால், ஆளுக்கொரு கதை வைத்திருப்பார்கள்.

நடந்தது என்ன? கெவுடாவும் நீலமும் ஒரே கனியமே. இரண்டும் குருந்தம். கெவுடாவுக்குள் ரூட்டைல் எனப்படும் டைட்டேனியக் கனியம் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய ஊசிகளாகப் படிந்திருக்கிறது. பால் போன்ற மங்கலுக்கு அதுவே காரணம். சுமார் 1600 பாகை செல்சியஸுக்கு மேல், உரிய வாயுச் சூழலில் சூடாக்கும்போது அந்த ஊசிகள் கரைந்துவிடுகின்றன. வெளிப்படும் டைட்டேனியம், கல்லில் ஏற்கனவே உள்ள இரும்புடன் சேர்ந்து நீல நிறத்தைத் தருகிறது.

நெருப்பு எமக்குப் புதியதல்ல. ஊதுகுழலால் கரி நெருப்பை ஊதி, சிவப்புக் கல்லிலுள்ள நீலச் சாயலைப் போக்கும் வித்தை எமது முன்னோரிடம் தலைமுறை தலைமுறையாக இருந்தது. கல் எம்மிடம் இருந்தது, நெருப்பும் இருந்தது. கல்லுக்குள் என்ன இருக்கிறது என்ற அறிவு மட்டும் இருக்கவில்லை. அந்த ஒன்றுக்காக நாம் கொடுத்த விலை கொஞ்சநஞ்சமல்ல.

மலை சொல்லும் கணக்கு

எமது மத்திய மலைநாடும் சப்ரகமுவ மலைகளும் மிகப் பழைய பாறைகளால் ஆனவை. சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் கண்டங்கள் ஒன்றோடொன்று மோதி கொண்ட்வானா என்ற பெருநிலம் உருவானபோது, இப்பாறைகள் பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறின. குருந்தமும் ஸ்பைனலும் கருங்கல்லோடு கல்லாக அங்கேதான் விளைந்தன. பின்னர் மலை உயர்ந்தது, மழையும் வெயிலும் பாறையை அரித்தன. பாவா ஆதம் மலைச் சாரலில் ஊற்றெடுக்கும் களு கங்கையும் அதன் கிளைகளும் அந்தச் சிதைவுகளை அள்ளி வந்து பள்ளத்தாக்குகளில் படியவைத்தன. பாரமான, உறுதியான கனியங்கள் சரளைக் கற்களோடு அடியில் தங்கின. நாம் இல்லம் என்று அழைப்பது இந்தப் படிவைத்தான்.

அதே பெருநிலத்தில் எமக்கு அண்டை வீடாக இருந்தது மடகஸ்கார். அதனால்தான் 1998இல் அங்கே இலாகாகா பகுதியில் நீலக்கல் வெளிப்பட்டபோது, அது இலங்கைக் கல்லையே ஒத்திருந்தது. எமது வியாபாரிகளும் அங்கு சென்று நன்றாகவே உழைத்தார்கள், மாஷா அல்லாஹ். ஆனால் கல் கிடைத்த செய்தி கேட்ட பிறகுதான் புறப்பட்டோம். பாறையின் வரலாறு படித்தவர் எங்கே தேட வேண்டும் என்பதையாவது முன்கூட்டியே அறிந்திருப்பார்.

எமது சொந்தக் கற்களையே பிறர் சொல்லித்தான் அறிந்துகொண்டோம் என்பதற்கு இன்னும் உதாரணங்கள் உண்டு. பெரிடொட் என்று நீண்ட காலம் விற்கப்பட்ட மண்ணிறக் கல்லொன்று வேறு புதிய கனியம் என்பது 1950களின் தொடக்கத்தில் வெளிநாட்டு ஆய்வில் நிரூபணமானது. சிங்ஹலைட் என்று அதற்குப் பெயர். 1945இல் டப்ளின் நகரில் ரிச்சர்ட் டாஃப் என்பவர் வாங்கிய பழைய கற்களுக்குள் ஸ்பைனல் என்று கருதப்பட்ட ஒன்று இருந்தது. அது ஒளியை இரண்டாகப் பிரித்துக் காட்டியதால் சந்தேகம் கொண்டு ஆய்வுக்கு அனுப்பினார். டாஃபைட் என்ற அந்த அபூர்வக் கல் இலங்கை இல்லத்திலும் கிடைப்பது பின்னர் தெரியவந்தது. அதற்கு முன்னர் எத்தனை டாஃபைட்டை ஸ்பைனல் விலைக்குக் கொடுத்தோமோ, அல்லாஹ் ஒருவனே அறிவான்.

இல்லத்தில் கிடைக்கும் எலும்பு

மாணிக்கக் குழியில் கல் மாத்திரம் கிடைப்பதில்லை. கல்லாய் இறுகிய எலும்பும் பல்லும் கிடைக்கின்றன. தேசிய நூதனசாலைகளின் பணிப்பாளராக இருந்த பி.ஈ.பி. தெரணியகல, இரத்தினபுரிக் குழிகளில் கிடைத்த இத்தகைய உயிர்ச்சுவடுகளைச் சேகரித்து ஆராய்ந்தார். நீர்யானை, காண்டாமிருகம், சிங்கம் ஆகியன இங்கு வாழ்ந்தன என்பதை உலகம் அறிந்தது அப்படித்தான். குருவிட்டையில் கிடைத்த பற்களை வைத்து 1939இல் இலங்கைச் சிங்கத்திற்குப் பெயரிட்டார். குழிக்காரர் ஒருவர் அந்தப் பற்களைக் கழிவோடு வீசியிருந்தால் அந்த வரலாறே இல்லை. குழிகளில் பங்கு வைத்திருக்கும் எமது முதலாளிமார் தொழிலாளர்களிடம் ஒரு வார்த்தை சொல்லி வைப்பது நல்லது. எலும்பு கிடைத்தால் வீச வேண்டாம், நூதனசாலைக்கு அறிவியுங்கள்.

அனுபவம் போதாதா?

"எங்கள் கண்ணே எங்களுக்கு ஆய்வுகூடம்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். அந்தக் கண்ணை நான் மதிக்கிறேன். ஆனால் 2001, 2002ஆம் ஆண்டுகளில் நடந்ததை மறக்கலாகாது. செம்மஞ்சள், பத்பராட்ஷா நிறக் கற்கள் திடீரெனச் சந்தையில் குவிந்தன. தாய்லாந்து உலைகளில் கிரிசோபெரிலுடன் சேர்த்துச் சுட்டதால், அதிலிருந்த பெரிலியம் குருந்தத்துக்குள் ஊடுருவி நிறம் கொடுத்திருந்தது. எந்தக் கண்ணுக்கும் அது தெரியவில்லை, கருவிதான் காட்டிக் கொடுத்தது. இலங்கையின் பெருமையான பத்பராட்ஷாவையே வாங்குவோர் சந்தேகத்துடன் பார்க்கும் நிலை வந்தது.

கல்லை அளந்து அறிவது எமக்கு அந்நியமான கலையுமல்ல. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் வாழ்ந்த அல்பிரூனி, இரத்தினங்களின் சாரடர்த்தியைத் தண்ணீரில் அளந்து எழுதி வைத்தார். சிவப்பு ஸ்பைனலையும் சிவப்புக் குருந்தத்தையும் பிரித்தறிய இன்றும் உதவும் சோதனைகளில் அதுவும் ஒன்று. முன்னதன் சாரடர்த்தி சுமார் 3.6, பின்னது 4.0.

சுட்ட கல்லை விற்பது குற்றமல்ல. சுட்டதை மறைத்து விற்பதே குற்றம். மேலே காய்ந்தும் உள்ளே ஈரமாகவும் இருந்த தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டுப் பார்த்து, ஈரத்தை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்ட சம்பவம் நாம் அறிந்ததே. ஆனால் கல்லுக்குள் இருக்கும் 'ஈரத்தை' அறியாதவர் அதை எப்படி எடுத்துச் சொல்வார்? எமது தொழிலில் அறிவு இலாபத்திற்கு மட்டுமல்ல, உழைப்பு ஹலாலாவதற்கும் தேவை.

ஆகவே எனது வேண்டுகோள் இரண்டுதான். இரத்தினக்கல் வியாபாரக் குடும்பம் ஒவ்வொன்றிலும் ஒரு பிள்ளையாவது, மகனோ மகளோ, இத்துறையைப் படிக்கட்டும். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் புவிச்சரிதவியல் துறை இருக்கிறது. இரத்தினக்கல் மற்றும் ஆபரண ஆராய்ச்சி, பயிற்சி நிறுவனமும் இருக்கிறது. இரண்டாவது, தனியாகக் கருவி வாங்க வசதியில்லாத சிறு வியாபாரிகளும் தரகர்களும் ஊருக்கு ஊர் கூட்டாகச் சேர்ந்து முறிவுச்சுட்டி மானி, நுணுக்குக்காட்டி போன்ற அடிப்படைக் கருவிகளையாவது வாங்கி வைக்கட்டும்.

வாப்பாவின் அந்தத் துணிப்பை இனித் திரும்பி வராது. அடுத்த பையை நிறுத்துக் கொடுக்கும் முன், அதற்குள் இருப்பது என்ன என்று எமது பிள்ளைகளுக்காவது தெரிந்திருக்கட்டும்.