தடுத்தது சரிதான்
2024 பிப்ரவரியில் கூகுள், சிங்கப்பூர் இணையப் பாதுகாப்பு அமைப்புடன் சேர்ந்து ஒரு கட்டுப்பாட்டை உலகிலேயே முதலில் இங்குதான் சோதித்தது. பிரவுசரிலோ வாட்ஸ்அப்பிலோ வந்திறங்கும் ஆண்ட்ராய்டு செயலி, குறுஞ்செய்தியைப் படிக்கவோ அறிவிப்புகளைப் பார்க்கவோ அனுமதி கேட்டால், அதை நிறுவுவது தானாகவே தடுக்கப்படும். ஓடிபி திருடும் கும்பலின் வழி அதுதான். சிராங்கூன் ரோட்டுக் கடைச் சிப்பந்தியின் சேமிப்பு ஒரே இரவில் போவதைவிட, ஒரு செயலி முடங்குவது சிறிய இழப்பு. ஆனால் சிறு கடைகளுக்கு ஏபிகே என்ற நிறுவல் கோப்பை நேரடியாக அனுப்பிவந்த நேர்மையான டெவலப்பரும் இதில் மாட்டிக்கொள்கிறார். நிரலில் ஒரு வரிகூட மாற்றாமலே அவருடைய செயலி சந்தேகத்துக்கு உரியதாகிவிடுகிறது. அவர் முதலில் தன் அனுமதிப் பட்டியலைக் குறைக்கட்டும். ஓடிபியை நிரப்ப எல்லாக் குறுஞ்செய்திகளையும் படிக்கத் தேவையில்லை. அதற்கென்றே கூகுளின் தனி ஏபிஐ இருக்கிறது. தவறாகத் தடுக்கப்பட்டவரின் முறையீட்டுக்குக் கூகுளும் விரைவாகப் பதில் சொல்ல வேண்டும்.