மூன்று மாதமா, பத்து மாதமா?

வேப்பம்பட்டில் விடியற்காலையில் ரயிலேறி அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு ஓடும் தொழிலாளியைக் கேளுங்கள், ஏன் இவ்வளவு தூரத்தில் குடியிருக்கிறீர்கள் என்று. ஆலைக்குப் பக்கத்தில் வீடு பிடிக்கப் பத்து மாத வாடகையை அட்வான்சாகக் கொட்ட வேண்டும் என்பார். வாடகை 5,000 என்றால் அட்வான்ஸ் 50,000! வட்டிக்கு வாங்காமல் கூலிக்காரன் எங்கே போவான்?

1960-ம் வருடச் சட்டம் வாடகைக்கு வரம்பு கட்டியது. பின்னாளில், 1973 திருத்தப்படி, குடியிருக்கும் வீட்டின் மதிப்பில் வருடத்துக்கு 9 சதவீதமே நியாய வாடகை. லட்ச ரூபாய் வீட்டுக்கு மாதம் 750 ரூபாய். அதை நிர்ணயித்தபின் ஒரு மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கூடாது. கோர்ட்டுக்கு அலைய முடியாத ஏழைக்கு அது எட்டாக்கனிதான், நாம் மறைக்கவில்லை. ஆனாலும் வரம்பு என்று ஒன்று இருந்தது.

2019 பிப்ரவரி 22-ல் அதுவும் போயிற்று. அன்று அமலுக்கு வந்த 2017-ம் வருடச் சட்டத்தில், ஒப்பந்தத்தில் எழுதியதே வாடகை. டிபாசிட் மூன்று மாத வாடகையைத் தாண்டினால் சட்டவிரோதமாம். நல்லது! ஆனால் அதே வாக்கியத்தின் தலையில், 'வேறுவிதமான ஒப்பந்தம் இருந்தாலன்றி' என்று ஒரு பொடி வைத்திருக்கிறார்கள். வீட்டுக்காரர் பத்து மாதம் என்று எழுதி நீட்டினால், பெண்டுபிள்ளைகளுடன் தெருவில் நிற்பவன் கையெழுத்துப் போடாமல் என்ன செய்வான்? இதற்குப் பெயர் ஒப்பந்தமா?

தோழர்களே! இந்தச் சட்டப்படியே வாடகைக்கு ரசீது தர வேண்டும். காலி செய்த ஒரு மாதத்துக்குள், பாக்கி போக, டிபாசிட்டைத் திருப்ப வேண்டும். ரசீதைக் கேட்டு வாங்குங்கள். சர்க்கார் அந்தப் பொடிச் சொற்களை நீக்கட்டும். மூன்று மாதம் என்றால் மூன்றே மாதம்!