பழைய அம்பாசிடரில் கால் நீட்ட இடமில்லையா? சீட்டை பின்னுக்கு நகர்த்தும் முன் இதைப் படிங்க!

அப்பா காலத்து அம்பாசிடரையோ பியட்டையோ தூசி தட்டி மறுபடியும் ரோட்டுக்குக் கொண்டுவருபவர்கள் உண்டு. இன்ஜின் வேலை முடிந்து, பெயின்ட் அடித்து, டிரைவர் சீட்டில் உட்கார்ந்த பிறகுதான் ஒரு சிக்கல் தெரியும். ஆள் கொஞ்சம் உயரமாக இருந்தால் முழங்கால் ஸ்டீயரிங்கில் இடிக்கும்.

டிங்கரிங் பட்டறையில் கேட்டால், "தரையில நாலு ஓட்டை போட்டு ரெண்டு இன்ச் பின்னாடி தள்ளிடலாம் சார்" என்ற பதில் சுலபமாகக் கிடைக்கும். வேலை சின்னதுதான். ஆனால் அதில் உயிரும் இருக்கு, சட்டமும் இருக்கு.

சீட் மவுன்ட் ஏன் முக்கியம்?

கார் மோதி நிற்கும்போது சீட்டும் முன்னோக்கிப் பாயப் பார்க்கும். அதைப் பிடித்து வைப்பது தரையில் உள்ள சில போல்ட்டுகள் மட்டுமே. இன்றைய கார்களுக்கான ஐ.நா. விதிமுறை 17, சீட்டின் எடையைப்போல் 20 மடங்கு விசையை மவுன்ட் தாங்க வேண்டும் என்கிறது. சீட் 15 கிலோ என்றால், சுமார் 300 கிலோ எடைக்குச் சமமான இழுப்பு. பின்சீட்டில் பெல்ட் போடாதவர் இருந்தால் அவரும் வந்து முன்சீட்டில் மோதுவார்.

அம்பாசிடர், பியட் இரண்டிலும் தனி சேஸிஸ் கிடையாது. தரைத் தகடும் பாடியின் பகுதிதான். கம்பெனி போட்ட மவுன்ட் இடத்தில் மட்டும் அந்தத் தகடு வலுவாக்கப்பட்டிருக்கும். பக்கத்தில், துருப்பிடித்துப் பேட்ச் அடித்த இடத்தில் புது ஓட்டை போட்டு சின்ன வாஷர் வைத்து முறுக்கினால், மோதலில் போல்ட் தகட்டைக் கிழித்துக்கொண்டு வந்துவிடலாம்.

சீட் பெல்ட்டுக்கு என்ன ஆகும்?

இந்தியாவில் புதிய கார்களின் முன்சீட்டுக்கு பெல்ட் கட்டாயமானது 1994-ல். அதற்கு முந்தைய பல கார்களில் பிறகுதான் பெல்ட் பொருத்தப்பட்டது. சீட் பின்னால் போனாலும் பெல்ட்டின் ஆங்கர் அதே இடத்தில்தான் இருக்கும். மேல் ஆங்கர் தோளுக்கு முன்னால் வந்துவிட்டால் பெல்ட் தோளில் ஒட்டாது. உடல் பாதி தூரம் முன்னே போன பிறகே அது பிடிக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-ன்படி, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறுபடும்படி வாகனத்தை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்க இடமுண்டு.

சீட்டை இரண்டு இன்ச் நகர்த்துவதால் ஆர்.சி. விவரம் எதுவும் மாறாது என்று வாதிடலாம். ஆனால் பெஞ்ச் சீட்டை எடுத்துவிட்டு இரண்டு தனி சீட் போட்டு, இருக்கை எண்ணிக்கை குறைந்தால் அந்த வாதம் நிற்காது.

விண்டேஜ் அந்தஸ்துக்கு ஆபத்தா?

2021 ஜூலையில் வந்த விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டிய கார்கள் விண்டேஜ் பதிவு பெறலாம். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், 10 ஆண்டு செல்லுபடி, நம்பரில் 'விஏ' எழுத்து. 1970-களின் தொடக்கத்தில் பதிவான பியட், அம்பாசிடர்கள் இப்போது இந்த வரம்புக்குள் வந்துவிட்டன.

நிபந்தனை ஒன்றுதான் கடினம்: கார் அசல் வடிவில் இருக்க வேண்டும், சேஸிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் கூடாது. நாலு ஓட்டையை 'பெரிய மாற்றம்' என்று சொல்வது கஷ்டம். தரையை வெட்டி வெல்டிங் வைத்தால் கேள்வி வரும்.

அப்போ என்னதான் வழி?

முதலில் குஷன் கடைக்குப் போகலாம். முதுகுப் பக்க ஃபோமை மெலிதாக்கினாலே ஒரு இன்ச் வரை கிடைக்கலாம். பாடியில் கை வைக்கவே வேண்டாம்.

அது போதாவிட்டால், பழைய ஓட்டைகளையே பயன்படுத்தும் கனமான இரும்பு அடாப்டர் பிளேட். வேண்டாமென்றால் கழற்றி அசல் நிலைக்கே கொண்டுவரலாம்.

புது ஓட்டை கடைசி வழி. தரைக்கு அடியில் பிரேக், பெட்ரோல் குழாய்கள் போகின்றனவா என்று பார்த்து, துருவை முழுதாக நீக்கி, கீழே அகலமான இரும்புத் தகடு வைத்து, உயர்தர போல்ட் போட வேண்டும். பெல்ட் ஆங்கரையும் சேர்த்தே சரிபார்க்க வேண்டும்.

எதைச் செய்தாலும் ஆர்.டி.ஓ.விடம் விசாரித்து, இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்துவிடுவது நல்லது. சொல்லாமல் செய்த மாற்றம், விபத்துக்குப் பிறகு க்ளெய்ம் கேட்கும்போதுதான் வெளியே வரும்.