பழுது நீக்கிய பின்னரும் பார்க்க வேண்டிய பிரேக்

காரின் பிரேக்கைப் பற்றி மருத்துவமனைச் செய்திமடலில் எதற்காக எழுத வேண்டும் என்று சிலர் எண்ணலாம். அறுவைச் சிகிச்சை முடிந்த நோயாளி சக்கர நாற்காலியிலிருந்து எழுந்து ஏறுவது பெரும்பாலும் குடும்பத்தின் சொந்த வண்டியில்தான். டயாலிசிஸுக்கு வாரந்தோறும் வருவோரும் அதே வண்டியில்தான் வந்து போகின்றனர். இருக்கை உயரமாக இருக்கும், கதவு அகலமாகத் திறக்கும், மடக்கு நாற்காலியைப் பின்னால் வைக்கலாம் என்பதற்காகவே எஸ்.யூ.வி. வகை வண்டிகளை வாங்கிய குடும்பங்களை நாங்கள் அறிவோம். வாசலில் அந்த வண்டி புறப்பட்டதும் எங்கள் பொறுப்பு முடிந்தது என்று சொல்ல எங்களால் இயலவில்லை.

2022ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்காவில் மெர்சிடிஸ் பென்ஸ் நிறுவனம் தன் எம்.எல்., ஜி.எல்., ஆர் வரிசைகளைச் சேர்ந்த ஏறத்தாழ 2,92,000 வண்டிகளைக் குறைபாடு காரணமாகத் திரும்ப அழைத்தது. அவை 2006 முதல் 2012 வரையிலான மாடல்கள். அடுத்த மாதம் ஜெர்மனியின் மோட்டார் போக்குவரத்து ஆணையம் உலகளாவிய எண்ணிக்கையை வெளியிட்டது: 2004க்கும் 2015க்கும் இடையே தயாரான சுமார் 9,93,000 வண்டிகள். பரிசோதனை முடியும் வரை வண்டியை ஓட்டவே வேண்டாம், கட்டணமின்றி இழுவை வண்டியில் ஏற்றிச் செல்கிறோம் என்று நிறுவனம் அமெரிக்க உரிமையாளர்களிடம் கூறியது. வண்டித் தயாரிப்பாளர் ஒருவர் இவ்வளவு வெளிப்படையாகப் பேசுவது அரிது; அதற்காக அந்நிறுவனத்தைப் பாராட்டவே செய்கிறோம். எங்கள் கவலை அதற்குப் பின் நிகழ்வதைப் பற்றியது.

குறைபாடு இருந்த உறுப்பின் பெயர் பிரேக் பூஸ்டர். பிரேக் பெடலுக்கும், பிரேக் எண்ணெயை அழுத்தும் மாஸ்டர் சிலிண்டருக்கும் நடுவே பொருத்தப்பட்ட, வட்டமான தகரப் பாத்திரம் போன்றது அது. உள்ளே ஒரு சவ்வு இருக்கும். எஞ்சின் ஓடும்போது சவ்வின் இரு புறமும் காற்று உறிஞ்சப்பட்டிருக்கும். பெடலை மிதித்தவுடன் ஒரு புறத்தில் மட்டும் வெளிக்காற்று நுழைந்து சவ்வைத் தள்ளும். நம் கால் கொடுக்கும் விசையைப் பல மடங்காக்கித் தருவது இந்தக் காற்றழுத்தமே. அந்த வண்டிகளில் பூஸ்டரைச் சுற்றியிருந்த ரப்பர் உறை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ள, அதன் அடியில் தகரத்தின் இணைப்புப் பகுதி ஆண்டுக்கணக்கில் துருவால் அரிக்கப்பட்டது. அரிப்பு துளையாகும்போது காற்று கசியும், மிதிக்கையில் சீறும் ஒலி கேட்கலாம், பெடல் இறுகும், வண்டி நிற்பதற்குக் கூடுதல் தூரம் ஓடும். அரிப்பு மிக முற்றிய நிலையில் ஓங்கி மிதித்தால் பெடலுக்கும் பிரேக்குக்கும் இடையே உள்ள தொடர்பே அறுந்துபோகக்கூடும்.

பூஸ்டர் செயலிழந்தாலும் பிரேக் முற்றாகப் போய்விடுவதில்லை, முழு வலுவுடன் மிதித்தால் வண்டி நிற்கும் என்று பொறியாளர்கள் கூறுவர். அது உண்மையே. ஆனால் அந்த முழு வலு யாரிடம் இருக்கிறது? மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சைக்குப் பின் மீண்டும் ஸ்டியரிங்கைப் பிடிப்பவரிடம் இல்லை. பக்கவாதத்தால் வலக்கால் தளர்ந்தவரிடம் இல்லை. மனைவியைக் கீமோதெரபிக்குத் தாமே அழைத்து வரும் எழுபது வயதுக் கணவரிடம் இருக்கும் என்று உறுதியாகக் கூற முடியாது. நீரிழிவால் பாதத்தில் உணர்ச்சி குன்றியவருக்கோ, பெடல் சிறிது சிறிதாக இறுகி வருவதே தெரியாமல் போகலாம். எச்சரிக்கை அவருக்கு எட்டுவதற்குள் துளை பெரிதாகியிருக்கும். திடகாத்திரமான ஓட்டுநரை மனத்தில் வைத்து வகுத்த பாதுகாப்புக் கணக்கு, எங்கள் புறநோயாளர் பிரிவுக்கு வரும் பாதிப்பேருக்குப் பொருந்தாது என்பதே எங்கள் துணிபு.

இனிப் பழுதுபார்ப்புக்கு வருவோம். பணிமனையில் அந்த ரப்பர் உறையை அகற்றிவிட்டுப் பூஸ்டரைப் பரிசோதிப்பார்கள். அரிப்பு முற்றியிருந்தால் பூஸ்டரை மாற்ற வேண்டும். முற்றவில்லை என்றால் மேலும் இரண்டு ஆண்டுகள் வரை வண்டியை ஓட்டலாம்; அதன் பின் மீண்டும் கொண்டுவந்து அடுத்த கட்டப் பழுதுபார்ப்பைச் செய்துகொள்ள வேண்டும். அமெரிக்க ஏற்பாடு இவ்வாறுதான் இருந்தது.

இந்த இரண்டு ஆண்டுக் கெடுவில்தான் எங்கள் மனம் நிற்கிறது. இப்போதைக்குக் கவலையில்லை, ஆறு மாதம் கழித்து மீண்டும் ஸ்கேன் எடுத்துப் பார்ப்போம் என்று மருத்துவர் கூறும்போது, நோய் தீர்ந்துவிட்டதாக எவரும் பொருள் கொள்வதில்லை. நாள்காட்டியில் தேதியைக் குறித்து வைக்கிறோம். காரின் விஷயத்தில் மட்டும் பணிமனையிலிருந்து வந்தவுடன் அது முடிந்த கதையாகிவிடுகிறது. கண்காணிப்பில் இருக்கும் பிரேக்கும் புதிதாக மாற்றப்பட்ட பிரேக்கும் குடும்பத்தின் நினைவில் ஒன்றாகவே பதிகின்றன. இடையில் வண்டி கைமாறினால் சொல்லவே வேண்டாம். பழைய வண்டியை வாங்கியவரிடம், திரும்ப அழைப்பின்படி வேலை முடிந்தது என்ற ஒற்றை வரி மட்டுமே போய்ச் சேரும்.

இதே உறுப்பு, இதே துரு, எட்டு ஆண்டுகளுக்கு முன்னரும் ஒரு திரும்ப அழைப்புக்குக் காரணமாயிற்று. 2014 ஏப்ரலில் கிரைஸ்லர் நிறுவனம் 2011 முதல் 2014 வரையிலான ஜீப் கிராண்ட் செரோக்கி, டாட்ஜ் துராங்கோ வண்டிகளில் உலகெங்கும் 8,67,000க்கும் மேற்பட்டவற்றைத் திரும்ப அழைத்தது. பூஸ்டரின் இணைப்பு விளிம்பு அரித்து, உள்ளே நீர் புகுந்து, குளிர்காலத்தில் அது உறைந்து பிரேக்கின் திறனைக் குறைக்கலாம் என்பது குறை. அங்கே கண்ட தீர்வு, நீரைத் திசை திருப்பும் ஒரு தடுப்புத் தகட்டைப் பொருத்துவது. சோதனையில் தேறாத பூஸ்டரை மட்டும் மாற்றுவது. ஒரு நிறுவனம் துருவைத் தடுக்க மூடியைச் சேர்த்தது. மற்றொன்று துருவுக்குக் காரணமான மூடியைக் கழற்றியது. இரண்டிலும் தர்க்கம் இருக்கிறது. ஆயினும் தகடு இனி வரும் நீரைத்தான் தடுக்கும். ஏற்கெனவே தொடங்கிவிட்ட துரு, தகட்டைக் கண்டு நின்றுவிடுவதில்லை. மாற்றப்படாத பூஸ்டரைச் சில ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் பார்த்தாக வேண்டும் என்று நாங்கள் கருதுவது இதனால்தான்.

திருத்தத்தையே பின்னர் திருத்த வேண்டி வந்த நிகழ்வுகள் புதியனவும் அல்ல. தகாட்டா நிறுவனத்தின் ஏர்பேக்குகளைத் திரும்ப அழைத்தபோது, பல வண்டிகளில் முதலில் பொருத்தப்பட்டது அதே வகைப் புதிய இன்ஃப்ளேட்டர்தான். ஈரப்பதத்தாலும் வெப்பத்தாலும் அதுவும் காலப்போக்கில் கெடும் என்பதால் அதே வண்டிகளை மறுபடியும் அழைக்க நேர்ந்தது. எங்கள் துறை இதற்கு விலக்கு என்று எண்ணிவிட வேண்டாம். பிலிப்ஸ் நிறுவனம் 2021 ஜூனில் தூக்கத்தில் மூச்சுத் தடைபடுவோருக்கான சீபேப் கருவிகளையும் வென்டிலேட்டர்களையும் திரும்ப அழைத்தது. ஒலியைக் குறைக்க உள்ளே வைத்திருந்த நுரைப்பஞ்சு சிதைந்து, துகள்கள் மூச்சுக்காற்றில் கலக்கக்கூடும் என்பது காரணம். சிலிக்கோன் நுரை வைத்துச் சீரமைத்துத் தரப்பட்ட ட்ரிலஜி வகை வென்டிலேட்டர்கள் சிலவற்றில், புதிய நுரையும் தன் அடித்தகட்டிலிருந்து பிரிந்துவரக்கூடும் என்று 2022 இறுதியில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அறிவிக்க வேண்டியதாயிற்று. திருத்தி அனுப்பிய கருவி நோயாளியின் படுக்கையருகே இயங்கிக்கொண்டிருந்த காலத்தில் வந்த அறிவிப்பு அது.

இத்தகைய பின்விளைவுகளைக் கணக்கில் எடுக்கும் முறை இன்னும் முழுமை பெறவில்லை. அமெரிக்காவில் நிறுவனங்கள் காலாண்டுதோறும் அரசுக்கு அறிக்கை தருகின்றன. அழைத்த வண்டிகளில் எத்தனை வந்தன, எத்தனைக்கு வேலை முடிந்தது என்பவை அதில் உண்டு. பயனுள்ள கணக்குதான். ஆனால் அது பணிமனைக்கு வந்து சென்றோரின் எண்ணிக்கை. மூன்றாவது மழைக்காலத்தில் பெடல் எவ்வாறு இருந்தது என்பதை அது காட்டாது. எத்தனை பேருக்கு அறுவைச் சிகிச்சை செய்தோம் என்று மட்டும் எண்ணிவிட்டு, எத்தனை பேர் நடந்தார்கள் என்று பார்க்காத மருத்துவமனையை யாரும் நல்ல மருத்துவமனை என்று ஏற்கமாட்டார்கள்.

அரசு கண்டிப்புடன் நடந்துகொண்டால் நிலைமை மாறும் என்பதற்கும் முன்னுதாரணம் உண்டு. 2015 ஜூலையில் அமெரிக்க நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம், கிரைஸ்லரின் வழிவந்த எஃப்.சி.ஏ. நிறுவனத்தின் 23 திரும்ப அழைப்புகளை ஆராய்ந்து 10.5 கோடி டாலர் அபராதம் விதித்தது. பயனுள்ள தீர்வை உரிய காலத்தில் தரத் தவறியதும், உரிமையாளர்களுக்கு அறிவிக்கத் தவறியதும் அங்கே ஒப்புக்கொள்ளப்பட்ட குற்றங்களில் அடங்கும். சஸ்பென்ஷன் குறைபாடுள்ள வண்டிகளை உரிமையாளர்களிடமிருந்து நிறுவனமே திரும்ப வாங்கிக்கொள்ளவும் வழி செய்யப்பட்டது. இந்தியாவிலும் 2019ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம், 110ஏ பிரிவின் வழியே வண்டிகளைத் திரும்ப அழைக்க ஆணையிடும் அதிகாரத்தை மத்திய அரசுக்கு அளித்திருக்கிறது. அழைக்கும் அதிகாரத்தோடு, திருத்தியதை மறுபடியும் சோதிக்கும் கடமையும் சேர வேண்டும் என்பது எங்கள் கோரிக்கை.

பழுது நீக்கிய பின் வரும் ஒவ்வொரு பிரேக் புகாருக்கும் பழைய குறையே காரணம் என்று சொல்ல முடியாது என நிறுவனங்கள் வாதிடுகின்றன. நியாயமான வாதம். பிரேக் பேடு தேய்ந்திருக்கலாம், எண்ணெய் பழையதாகியிருக்கலாம், வெற்றிடக் குழாய் வெடித்திருக்கலாம். ஆனால் எது காரணம் என்று பிரித்தறிய, முன்பு என்ன செய்யப்பட்டது என்ற குறிப்பு வேண்டுமே! அக்குறிப்பைக் கொடுக்காதவர்களே குழப்பத்தையும் சுட்டிக்காட்டுவது எங்களுக்கு உவப்பாக இல்லை. இதனால் யாரும் பழுதுபார்ப்பையே தவிர்த்துவிடலாகாது என்பதையும் அழுத்திச் சொல்கிறோம். அழைப்புக் கடிதம் வந்தும் போகாத வண்டியே எல்லாவற்றிலும் ஆபத்தானது.

பணிமனையிலிருந்து வண்டியை எடுக்கும்போது, உறுப்பு மாற்றப்பட்டதா, காப்பு மட்டும் சேர்க்கப்பட்டதா, பார்த்துவிட்டு அப்படியே விடப்பட்டதா என்பதை ஜாப் கார்டில் எழுதித் தரக் கேளுங்கள். மறுபடியும் எப்போது கொண்டுவர வேண்டும் என்ற தேதியையும் கேளுங்கள். பெட்ரோல் எஞ்சினுடன் வெற்றிடப் பூஸ்டர் உள்ள வண்டியில் வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு. சமதளத்தில் வண்டியை நிறுத்தி ஹேண்ட் பிரேக்கைப் போடுங்கள். எஞ்சினை அணைத்துவிட்டுப் பெடல் இறுகும் வரை சில முறை மிதியுங்கள். பின்னர் அழுத்தியபடியே எஞ்சினை இயக்குங்கள். பெடல் சற்றே கீழிறங்க வேண்டும். இறங்காவிட்டாலோ, சீறும் ஒலி கேட்டாலோ வண்டியை அங்கேயே விட்டுவிட்டு மெக்கானிக்கை அழையுங்கள். ஓட்டும்போதே பெடல் இறுகிவிட்டால், விட்டு விட்டு மிதிப்பது எஞ்சியுள்ள உதவியையும் தீர்த்துவிடும். ஒரே மூச்சில் வலுவாக அழுத்திப் பிடித்து, கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கை மெல்ல இழுக்க வேண்டும். அறுவைச் சிகிச்சைக்குப் பின் எப்போது கார் ஓட்டலாம் என்று கேட்போரிடம், ஓங்கி மிதிக்கும் வலு காலுக்கு வந்துவிட்டதா என்று எங்கள் பிசியோதெரபி பிரிவினர் சோதிப்பதும் இக்காரணத்தால்தான். வண்டியை விற்பவர்கள் அந்த ஜாப் கார்டின் நகலை ஆர்.சி. புத்தகத்தோடு சேர்த்து வாங்குபவரிடம் கொடுத்துவிடுங்கள்.